பனை வச்ச பெரியவர்

(சாயல்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில், பதினாறாம் நாள் படத்திறப்பில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, படத்தைத் திறந்து வைத்த உறவின்முறைத் தலைவர் அவர்களே, ஜெபக்கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, வாலிநோக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் பாய்மார்களே, மேடையில் இடம் இருந்தும் கீழேயே உட்காருவேன் என்று அடம் பிடிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களே, ஐயாவின் பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே, வணக்கம்.

பனையேறிப் பிள்ளைகளை வளர்த்த நம்ம ஐயாவைப் பற்றி மூன்று செய்தி சொல்லப்போகிறேன். தகப்பனாக, தாத்தாவாக, ஊர்க்காரராக.

"தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்" என்பார்கள். பனை பலன் கொடுப்பதற்குள் வச்சவன் காலம் முடிந்துவிடும் என்று அர்த்தம். நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லுவேன், உங்களுக்கே தெரியும். 1964 மார்கழிப் புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது ஐயாவுக்குக் கல்யாணமான புதுசு. அப்போது அவர் நட்ட பனங்கொட்டைகள் மரமாகி, பாளை விட்டு, அதிலும் அவரே ஏறினார். அந்தப் பழமொழியைச் சொல்லிக்கொண்டு சும்மா இருக்கிறவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அதுதான்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 30 மரம். மரத்துக்கு 50 அடி. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. ஒரு நாளைக்கு 3000 அடி ஏறியிருக்கிறார். காய்ச்சல் என்று படுக்க முடியாது. சீவாமல் விட்டால் பாளை காய்ந்துபோகும். இடுப்பில் அருவாள்பெட்டி, காலில் தளைநார், கலயத்தில் சுண்ணாம்பு. நாலு பிள்ளைகளும் படித்தது இந்த ஏற்ற இறக்கத்தில்தான். ஆனால் இறக்கின பதநீரை விடிலியில், அதான் பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசையில், புகையில் உட்கார்ந்து கருப்பட்டியாகக் காய்ச்சினது யார்? அதோ, தூணோரம் உட்கார்ந்திருக்கிற நம்ம ஆத்தா. அவர்களுக்கு ஒரு கைதட்டு கொடுங்கள். பொன்னாடை வாங்கினவர்கள் இன்னொன்று சேர்த்து வாங்கியிருக்கலாம்.

இப்போது அந்த புரோக்கர் கதை. சிரிக்காதீர்கள், தெரியாதவர்களும் வந்திருக்கிறார்கள். செங்கல் சூளைக்கு மரம் பிடிக்கிற ஒருத்தர், வெள்ளை வேட்டி, கையில் செல்போன், லாரியோடு வந்து நின்றார். ஐயாவுக்கு எழுபது தாண்டிய வயது. "பெருசு, மொத்தமா என்ன விலை?" ஐயா அவரை உட்காரவைத்து, பனையோலையில் பட்டை பிடித்துப் பதநீர் ஊற்றினார். இரண்டு பட்டை குடித்தார் மனுஷன். அப்புறம் ஐயா சொன்னார்: "தம்பி, விலையே வேண்டாம். நீங்க ஏறி இறங்குற மரத்தையெல்லாம் சும்மா வெட்டிக்கோங்க." கூட இருந்த லாரிக்காரன் சிரித்துவிட்டான். புரோக்கருக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டினார், செல்போனை டிரைவரிடம் கொடுத்தார், ஏறினார். இரண்டு ஆள் உயரம் போனார். அதற்கு மேல் போகவும் முடியவில்லை, இறங்கவும் தெரியவில்லை, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டார்! பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சுற்றி நின்று ஒரே சத்தம். கீழே பார்க்காதே என்று ஒருத்தன், வேட்டியைப் பிடி என்று ஒருத்தன். கடைசியில் ஐயாதான் பின்னாலேயே ஏறி, ஒவ்வொரு காலாகப் பிடித்து வைத்து இறக்கினார். நெஞ்செல்லாம் சிராய்ப்பு. ஆத்தா தேங்காய் எண்ணெய் தடவினார்கள். "எத்தனை மரம் வேணும் தம்பி?" என்று ஐயா கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. போகும்போது ஒரு பெட்டிக் கருப்பட்டியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அந்தக் கூட்டத்தில் கைதட்டி நின்ற பையன்களில் ஒருவன் ஐயாவின் பேரன். இன்றைக்கு எஞ்சினியர். விடுமுறைக்கு வந்தால் தாத்தாவோடு கொட்டை பொறுக்கப் போவான். பேத்தி கேட்டாளாம், "தாத்தா, இது காய்க்கறப்ப நீங்க இருப்பீங்களா?" என்று. "நீ இருப்பேல்ல?" என்றாராம். பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான் என்றால், யாரைப் பார்த்துவிட்டு என்றும் கேட்க வேண்டாமா?

நமக்கு மாநில மரம் பனை. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். ஆனால் ராத்திரியில் வெட்டுகிறவனுக்கு அறிக்கை தெரியுமா? 1987 முதல் கள்ளுக்குத் தடை. அதைப் பேசினால் தலைவர் அண்ணாச்சி மைக்கைப் பிடுங்கிவிடுவார், அதற்கு வேறு மேடை வைத்துக்கொள்வோம். சீமைக்கருவேலம் தானாகவே பரவிவிடுகிறது, கண்மாயெல்லாம் அதுதான். பனையை நாம்தான் நட வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. சுருக்கமாக முடிக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லோரும் கண்மாய்க் கரைக்கு வாருங்கள். கொட்டை நாங்கள் சேர்த்து வைக்கிறோம். மண்வெட்டி நீங்கள் கொண்டுவாருங்கள். வருகிறவர்கள் மைக்செட் தம்பியிடம் பெயர் கொடுங்கள். அலுவலர் ஐயா அவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: கரையைப் பலப்படுத்த ஜேசிபி இறங்குவதற்கு ஒரு நாள் முன்னால் எங்களுக்குச் சொல்லிவிடுங்கள். இளம் பனைகளான வடலிகளுக்கெல்லாம் சிவப்புத் துணி கட்டி வைக்கிறோம், டிரைவர் கண்ணுக்குத் தெரியும்.

நன்றி, வணக்கம்.