கீரிப்பிள்ளையும் பாம்பும் கடைசி வரைக்கும் சண்டை போடாது!

நடுவர் அவர்களே, எதிரணியில உக்காந்திருக்கிற அண்ணன்மாரே அக்காமாரே, எல்லாருக்கும் வணக்கம். 1930கள்ல அமெரிக்காவுல சல்லிக்காசு பட்ஜெட்ல போதை, செக்ஸ், பைத்தியம்னு படம் எடுத்துத் தள்ளுன டுவைன் எஸ்பர் சினிமாக்காரரா, வித்தைக்காரராங்கிறது தலைப்பு. நான் வித்தைக்காரர் கட்சி. அதுலயும் சாதா வித்தை இல்லங்க, அசல் மோடி மஸ்தான் வித்தை.

மோடி மஸ்தான் என்ன பண்ணுவான்? கீரிப்பிள்ளையைக் கட்டி வெச்சிட்டு, பெட்டியைத் தட்டித் தட்டி இப்ப பாம்பை விடுறேன் இப்ப விடுறேன்னு கூட்டத்தை நிறுத்தி வெச்சு, தாயத்தை வித்துட்டு மூட்டையைக் கட்டிருவான். நானும் ஸ்கூலுக்கு மட்டம் போட்டு சந்தையில ரெண்டு மணி நேரம் நின்னவன்தான், அந்தச் சண்டையை இன்னிக்கு வரைக்கும் பாக்கல.

எஸ்பருக்குக் கதை எழுதுனது அவரு சம்சாரம் ஹில்டகார்ட் ஸ்டேடி. அந்தம்மா சின்னப் புள்ளையில, ஊர் ஊரா புலிக்கொழுப்பு மருந்து வித்த சொந்தக்காரரோட சுத்துனவங்க. அவரு கதையத்தான் 1933ல 'நார்காட்டிக்'னு படமாவே எடுத்தாங்க. ஆக மோடி மஸ்தான்னு நான் சும்மா அடிச்சு விடல, அது குடும்பத் தொழிலு.

எதிரணி அக்கா என்ன சொன்னாங்க, ஹாலிவுட்டுக்காரங்க தங்களுக்குத் தாங்களே போட்டுக்கிட்ட ஹேஸ் கோடுங்கிற சென்சார் ரூல்ஸை எதிர்த்து நின்ன போராளியாம் எஸ்பர்! அக்கா, அந்த சென்சார் ரூல்ஸ் 1930ல எழுதுனது, 1934ல இருந்துதான் இறுக்கிப் புடிச்சாங்க, கட்டுப்பட்டதெல்லாம் பெரிய ஸ்டுடியோக்களும் அவங்க தியேட்டர்களும். நம்மாளு அந்த ஸ்டுடியோக்காரங்க சங்கத்துலயே இல்ல. பிரிண்டைத் தூக்கிட்டு ஊருக்குள்ள போவாரு, ஒரு தியேட்டரைப் புடிப்பாரு, நாலு நாள் கலெக்ஷனை எடுத்துட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிருவாரு. மேட்ச்சுக்கே வராதவன் ரூல்ஸை உடைச்சான்னா எப்படிக்கா? இதுல படம் ஆரம்பிக்கும்போது, 'சமூகத்தை எச்சரிக்கவே இந்தப் படம்'ங்கிற ரேஞ்சுல ஒரு உபதேசம் வேற எழுத்துல ஓடும். தொழில்ல அதுக்கு ஸ்கொயர்-அப்னு பேரு. போலீஸ் வந்தா காட்டுறதுக்கு ஒரு தாயத்து, அவ்ளோதான்.

சரி, நியாயமா ஒண்ணை ஒத்துக்கணும். 1934ல வந்த 'மேனியாக்', மொத்தமே 51 நிமிஷம். அதுல ஒருத்தன் பூனையோட கண்ணைப் புடுங்கி வாயில போட்டுச் சாப்புடுவான். ஏற்கெனவே ஒரு கண்ணு இல்லாத பூனைக்குக் கண்ணாடிக் கண்ணு வெச்சு எடுத்ததாம் அது, ஆனா பாக்குறப்ப குடலைப் புரட்டும். அந்த சீனைப் பாத்துட்டு நானே எதிரணிக்கு மாறிரலாமான்னு யோசிச்சேன்னா பாருங்க. ஆனா அடுத்த நிமிஷமே கதையை நிறுத்திட்டு மனநோய் பத்தி விளக்க அட்டை போடுறாரு, பேய்க்காட்சி வேணும்னா அடுத்தவன் படத்துல இருந்து வெட்டி ஒட்டுறாரு. போச்சு!

அடுத்து 'ஃப்ரீக்ஸ்'. சர்க்கஸ்ல வேடிக்கை காட்டுற, உடம்புல குறைபாடு உள்ளவங்களையே நடிக்க வெச்சு, டாட் பிரவுனிங்கிற டைரக்டர் எம்.ஜி.எம்ங்கிற பெரிய ஸ்டுடியோவுக்காக எடுத்து 1932ல ஊத்திக்கிட்ட படம். எஸ்பர் உரிமையை வாங்கி 'ஃபர்பிடன் லவ்', 'நேச்சர்ஸ் மிஸ்டேக்ஸ்'னு பேரை மாத்தி மாத்தி ஓட்டுனாரு. தடைசெய்யப்பட்ட காதல்னதும் ஜொள்ளு விட்டுட்டு வந்தவனுக்கு என்ன கெடைச்சிருக்கும்? அதே கீரிப்பிள்ளைதான்.

கடைசியா ஒண்ணு, இதை எதிரணி கண்டுக்கவே இல்ல. 'நார்காட்டிக்' ஓட்டுறப்ப தியேட்டர் வாசல்ல ஒரு மனுஷப் பொணத்தை நிக்க வெச்சாரு. போதைக்கு அடிமையாகி செத்தவன்னு கதை விட்டாரு. நெசத்துல அது எல்மர் மெக்கர்டிங்கிற ரயில் கொள்ளைக்காரன், 1911ல ஓக்லஹோமாவுல சுட்டுக் கொன்னது, ஆர்சனிக்ங்கிற விஷத்தை ஏத்தி பதப்படுத்தி வெச்சிருந்தாங்க, உரிமை கொண்டாட ஆள் வராம கைமாறிக் கைமாறி இவருகிட்ட வந்துச்சு. அப்புறமும் அது சுத்துச்சுங்க! 1976ல கலிஃபோர்னியா லாங் பீச்ல, ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுல டிவி சீரியல் ஷூட்டிங். பெயின்ட் அடிச்ச பொம்மைன்னு நெனைச்சு நகர்த்துறாங்க, கை உடையுது, உள்ள எலும்பு! 1977ல அதே ஓக்லஹோமாவுல கத்ரீங்கிற ஊர்ல புதைச்சாங்க, இனி எவனும் தோண்டி எடுத்து டிக்கெட் போட்டுறக் கூடாதுன்னு மேல கான்கிரீட் கொட்டி...

மணி அடிச்சிட்டீங்களா நடுவரே? சரிங்க, இந்தா உக்காந்துட்டேன்.