ஒரு மூட்டை யூரியா: தீவுக்குத் தீவு மாறும் கணக்கு

(காட்சி: சாயல்குடிப் பக்கம் ஒரு முண்டு மிளகாய்க் கொல்லை. இரவு பெய்த மழையில் மண் கறுத்துக் கிடக்கிறது.)

வணக்கம். இது என் சித்தப்பாவின் கொல்லை. அன்னக்கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு யூரியா தூவிக்கொண்டு போகிறார். ஈர மண்ணில் விழுந்த வெள்ளை மணிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வியர்த்துக் கரைகின்றன. “ஈரம் காயுறதுக்குள்ள போட்டுறணும்ப்பா” என்கிறார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்த ஈரத்துக்குக் காத்திருப்பது மிளகாய்ச் செடி மட்டுமில்லை. மண்ணுக்குள் இருக்கும் பாக்டீரியாக்களும்தான்.

யூரியா முதலில் அம்மோனியமாகிறது. காற்றோட்டம் இருக்கும்வரை ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. மழை பெய்து மண்ணின் துவாரங்களில் தண்ணீர் ஏறினால் ஆக்சிஜன் குறைந்துவிடும். அப்போது வேறொரு கூட்டம் மூச்சுவிட நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்கிறது. அந்த வேலை முழுசாக முடிந்தால் வெளியே வருவது வெறும் நைட்ரஜன். அது நாம் சுவாசிக்கும் காற்றில் ஏற்கெனவே இருப்பது, கெடுதல் கிடையாது. பாதியில் நின்றால் வருவது நைட்ரஸ் ஆக்சைடு, பூமியைச் சூடேற்றும் வாயு. தண்ணீர் தொடர்ந்து நிற்கும் நெல் வயலில் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. முழுக்க நனையாமலும் முழுக்கக் காயாமலும் இருக்கும் மண்தான் இந்த வாயுவுக்கு வசதி. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த நிலம் முதல் மழையில் நனையும்போது சில நாளைக்கு இது குபீரென்று கிளம்பும். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரி நிலம் அப்படிப்பட்டதுதான்.

(காட்சி: மஞ்சள் மூட்டை. பக்கத்தில் சிலேட்டில் கணக்கு.)

மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 46 சதவீதம். 20.7 கிலோ. போட்ட தழைச்சத்தில் எவ்வளவு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் என்பதற்கு ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2006-இல் சொன்ன பொது விகிதம் 1 சதவீதம். அந்தக் கணக்கில் ஒரு மூட்டையிலிருந்து 207 கிராம் நைட்ரஜன் போகிறது; ஆக்சிஜன் எடையும் சேர்ந்தால் சுமார் 325 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு. கொஞ்சம்தானே என்று தோன்றும். நூறாண்டுக் கணக்கில் இந்த வாயு கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு சூடேற்றும். ஆக, 89 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

2019-இல் அதே ஐபிசிசி விகிதத்தைப் பிரித்தது. வெப்பமண்டலத்தில் ஆண்டு மழை 1000 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஈரப் பகுதி, ரசாயன உரத்துக்கு 1.6 சதவீதம். தாண்டாவிட்டால் வறண்ட பகுதி, 0.5 சதவீதம். நெல்லுக்குத் தனிக் கணக்கு. ராமநாதபுரம் வறண்ட பக்கம் விழுகிறது. சித்தப்பாவின் மூட்டையிலிருந்து வருவது 44 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதே மூட்டையை பசிபிக் தீவு நாடான ஃபிஜியின் ஈரமான பகுதியில் ஒரு கரும்புத் தோட்டத்தில் போட்டால் 142 கிலோ.

ஃபிஜி, மொரீஷியஸ் என்றதும் நமக்கு நினைவு வருவது கரும்புதான். நம் ஊர்ப்பக்கத்து ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றியதே அந்தத் தோட்டங்களுக்குத்தான். மொரீஷியஸ் முழு நாடும் சேர்ந்து நம்ம மாவட்டத்தில் ஏறக்குறைய பாதி. பசிபிக்கில் இருக்கும் துவாலு என்ற தீவு நாடு இன்னும் சின்னது, 26 சதுர கிலோமீட்டர். ராமேஸ்வரம் தீவில் பாதிகூடத் தேறாது.

சரி, இந்தத் தீவுகள் வெளியிடும் வாயுவின் கணக்கை ஒப்பிட முடியுமா? முடியும், ஆனால் நாடுகள் தரும் அட்டவணையை அப்படியே நம்பக்கூடாது. வயலில் அளந்து பார்க்க வசதியில்லாத நாடு, போட்ட உரத்தைப் பொது விகிதத்தால் பெருக்கி அறிக்கை தருகிறது. ஒரு தீவு 1 சதவீதம் வைத்து, இன்னொன்று 1.6 வைத்தால், ஒரே அளவு உரத்துக்கு 60 சதவீதம் வித்தியாசம் வந்துவிடும். இரண்டும் ஒரே விகிதத்தை வைத்தாலும் நாம் பார்ப்பது மண்ணை இல்லை, துறைமுகத்தில் இறங்கிய உர மூட்டைகளின் எண்ணிக்கையைத்தான். 273 என்ற பெருக்கல் எண்கூட ஐபிசிசியின் 2007 அறிக்கையில் 298, 2013-இல் 265 என்று இருந்தது. எந்த ஆண்டின் எண் என்று பார்க்காமல் இரண்டு நாட்டை அருகருகே வைப்பது அந்த விவசாயிகளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

துவாலுவில் மணலைத் தோண்டி, நன்னீர் தெரியும் ஆழத்தில் புலாக்கா என்ற சேம்பு வகைக் கிழங்கை வளர்க்கிறார்கள். நம்ம கடற்கரையில் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்களே, அதே நீர்தான். உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர். அந்தக் குழிக்கு உரம் என்றால் மட்கிய இலைதழை. ஈரமும் இருக்கிறது, தழைச்சத்தும் இருக்கிறது. ஆனால் தழைக்கு இறக்குமதி ரசீது கிடையாது. உர மூட்டையை மட்டும் எண்ணினால் துவாலு பூஜ்யம் மாதிரித்தான் தெரியும். நம்ம ஊரில் கீதாரிகள் ஆட்டுக் கிடை போட்ட நிலத்துக்கும் இதே கதிதான்.

(காட்சி: கவிழ்த்த பெட்டி ஒன்று. அதன் மேல் ரப்பர் மூடி, அதில் ஊசி.)

அளப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அடியில்லாத பெட்டியை மண்ணில் காற்றுப் புகாமல் பதித்து, குறிப்பிட்ட இடைவெளியில் ஊசியால் உள்காற்றை உறிஞ்சி, ஆய்வகத்தில் வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் பார்ப்பார்கள். மாதம் ஒருமுறை வந்து எடுத்தால் போதாது. வாயு கிளம்புவது மழைக்கு அடுத்த சில நாளில். அந்த நாட்களைத் தவறவிட்டால் வருஷக் கணக்கே பொய்யாகிவிடும்.

அதனால் பெட்டியை சித்தப்பா உரம் போட்ட மறுநாள் காலையிலேயே பதிக்க வேண்டும், இதோ இந்த இரண்டு மிளகாய்ச் செடிக்கு நடுவில்.