குல்லாவின் உள்பக்கம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நுனியில் கொக்கி வைத்த குரோஷா ஊசியைப் பிடித்து நூல் பின்னத் தெரிந்த ஒரு அம்மாவாவது இல்லாத தெரு நம் ஊர்களில் குறைவு. ஒரு காலத்தில் ரேடியோப் பெட்டிக்கு மேலே வெள்ளை நூலில் பின்னிய உறை கிடக்கும். அப்புறம் அது டிவிக்கு வந்தது, சோபாவின் தலைமாட்டுக்கு வந்தது, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கும் வந்தது. பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் படிந்த பழக்கம். இன்றைக்கு உறை போடுவதற்குப் பெட்டியும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். ஆனால் கை மறக்கவில்லை. அந்தக் கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தென்மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்தவரை, யார் யாரோ பின்னிக் கொண்டுவந்து கொடுத்த குல்லாக்களை வாங்கிக் குழந்தைகளுக்குப் போட்டுவிட்டேன். ஓய்வுக்குப் பிறகு நானே பின்னிக் கொடுக்கிறேன். வாங்குகிற இடமும் கொடுக்கிற இடமும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்: தர்மத்துக்குப் பின்னுவதென்றால், முதலில் வாங்குகிறவர்களைக் கேளுங்கள். என்ன வேண்டும், என்ன அளவு வேண்டும், எத்தனை வேண்டும். இந்த மூன்றையும் கேட்ட பிறகு நூல் வாங்குங்கள்.

நம்ம ஊர் வெயிலில் குழந்தைக்குக் குல்லா எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்வி. நிறைமாதமாக, நல்ல எடையோடு பிறந்த குழந்தைக்கு, சித்திரை மாதத்தில் வீட்டில் நாள் முழுக்கக் குல்லா தேவையே இல்லை. சூடு ஏறிவிடும். நான் சொல்வது 37 வாரம் முடியும் முன்பே பிறந்துவிட்ட குறைமாதக் குழந்தைகளைப் பற்றி. ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ என்று வருகிற குழந்தைகள். அவர்களுக்குத் தோல் மெல்லிசு. தோலுக்கு அடியில் கொழுப்பு இல்லை. குளிர்ந்தால் நம்மைப் போல உடம்பு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. உடம்பின் மொத்தப் பரப்பில் தலை மட்டுமே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தலை திறந்திருந்தால் நிறையச் சூடு அந்த வழியாகப் போய்விடும். 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே அந்தக் குழந்தைக்கு ஆபத்து தொடங்குகிறது. வெளியே நெருப்பாக வெயில் அடித்தாலும், வார்டுக்குள் மின்விசிறி ஓடும், ஏசி ஓடும், குழந்தையின் தலை ஈரமாக இருக்கும்.

இதோடு இன்னொன்று. கங்காரு முறை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில், எட்கார் ரே என்ற மருத்துவர் தொடங்கி வைத்தது. குழந்தையைத் தாயின் நெஞ்சில், தோலோடு தோலாக நிமிர்த்திக் கட்டி வைப்பது. தாயின் உடம்புச் சூடுதான் குழந்தைக்குச் சூடு. 2021-ல் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் செய்த ஆய்வு வெளிவந்தது. 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படித் தாயோடு சேர்த்து வைத்தபோது, இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. இப்போது நம் மருத்துவமனைகளிலும் இது உண்டு. அப்படி நெஞ்சில் கிடக்கிற குழந்தைக்கு உடம்பில் இருப்பது மூன்றே பொருள்: இடுப்பில் ஒரு துணி, காலில் சாக்ஸ், தலையில் குல்லா. முதுகைத் துணி மூடிவிடும். வெளியே தெரிவது தலை மட்டும்தான். அந்தத் தலைக்குத்தான் நீங்கள் பின்னப் போகிறீர்கள்.

இப்போது அளவு. நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு 33-லிருந்து 35 சென்டிமீட்டர். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 25, 26 தான் இருக்கும். நல்ல பெரிய மாதுளம்பழம் ஒன்றைக் கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான் அந்தத் தலை. கடையில் விற்கிற குழந்தைக் குல்லா எதுவும் அதற்குச் சேராது. கண்ணை மூடி, மூக்கு வரை இறங்கிவிடும். மூக்கை மறைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதனால்தான் கையால் பின்னிய குல்லாவுக்கு வார்டில் அத்தனை மதிப்பு. தலைச் சுற்றளவைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைத்துப் பின்னுங்கள், இழுபட்டுப் பிடித்துக்கொள்ளும். நடு வட்டத்தில் தொடங்கி எப்படிப் பெருக்குவது, எந்த ரவுண்டில் நிறுத்துவது என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியது. ரேடியோவில் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும், விட்டுவிடுகிறேன்.

நூலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைக்கு என்றாலே எல்லாரும் உல்லன் நூல் வாங்க ஓடுகிறார்கள். மருத்துவமனையில் எதுவுமே கொதிநீரைப் பார்க்காமல் குழந்தையிடம் போகாது. அசல் கம்பளி கொதிநீரில் சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும். சில செயற்கை நூல்கள் சூட்டில் தொய்ந்து உருக்குலைந்துவிடும். பருத்தி நூல் எத்தனை முறை போட்டாலும் தாங்கும், தாங்கத் தாங்க மிருதுவாகும். வெயில் ஊருக்கு அதுதான் சரி. மெல்லிய நூலாக இருந்தால் இரண்டு இழையாகச் சேர்த்துப் பின்னலாம்.

இனி நான் எங்கே போனாலும் சொல்கிற விஷயம். பின்னி முடித்ததும் குல்லாவின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெளியே பூ இருக்கும், கலர் மாறும், அழகாக இருக்கும். உள்ளே திருப்பினால் நூல் நுனி தொங்கும், முடிச்சு நிற்கும். அந்த முடிச்சு, ஒரு கிலோ குழந்தையின் நெற்றியில் ஒரு ராத்திரிக்குள் சிவப்பாகப் பதிந்துவிடும். தொங்குகிற நுனி அதைவிட மோசம். ஒரு தலைமுடியோ நூலோ குழந்தையின் விரலைச் சுற்றிக்கொண்டால், இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரல் நீலம் பாரித்துப் போகும். எங்கள் வார்டில் குழந்தை விடாமல் அழுதால், பால் கொடுத்துப் பார்த்த பிறகு முதலில் கை கால் விரல்களைத்தான் பிரித்துப் பார்ப்போம். சாக்ஸ் பின்னுகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். ஓட்டை விழுகிற லேஸ் டிசைன் வேண்டாம், விரல் மாட்டும். பட்டன் வேண்டாம், பாசிமணி வேண்டாம், ரிப்பன் வேண்டாம், தலை உச்சியில் பஞ்சுப் பந்து வேண்டாம். நுனியை ஊசியில் கோத்து, முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை பின்னலுக்குள் ஓட்டிவிட்டு வெட்டுங்கள். வெட்டிய பிறகு, மறுபடி உள்பக்கத்தைத் திருப்பி, உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். உறுத்தினால் கொடுக்காதீர்கள்.

ஒரு பாட்டியம்மா கதையைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறையாது.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண். ஏழாம் மாதக் குழந்தை, 1,200 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. துணைக்கு அவள் தாயார். குழந்தைக்கு நாங்கள் புதுக் குல்லா ஒன்று போடுவோம். திரும்பி வந்து பார்த்தால் தலை வெறுமையாக இருக்கும், குல்லா மடித்துத் தலையணைக்கு அடியில் இருக்கும். போடுவோம், கழற்றிவிடுவார். மறுபடி போடுவோம், மறுபடி கழற்றிவிடுவார். டியூட்டியில் இருந்த இளம் சிஸ்டர் சத்தம் போட்டுவிட்டாள். அந்த அம்மா ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. ராத்திரி வேலை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் பெரியம்மா, குளிருமே பிள்ளைக்கு?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "புதுசு உடுத்தக் கூடாதுல்லா தாயி. மொதப் பிள்ளைக்கு ஆசைப்பட்டுப் புதுசு வாங்கிப் போட்டோம். தங்கல."

நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தானே இது? பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடமாட்டோம். தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவோம். துவைத்துத் துவைத்து நைந்த துணி, குழந்தையின் தோலுக்கு அதைவிட இதமானது கிடையாது. அந்த வழக்கத்துக்குள் அறிவு இருக்கிறது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், சாயம் இருக்கும். அந்த அம்மாவை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்?

அலமாரியைத் திறந்து, வெளிறிப்போன ஒரு மஞ்சள் குல்லாவை எடுத்து வந்தேன். "பெரியம்மா, இது புதுசு இல்ல. இரட்டைப் பிள்ளையில சின்னது போட்டிருந்த குல்லா. இதே எடைதான் அதுவும். இரண்டு கிலோ தேறி, போன மாசம் வீட்டுக்குப் போயிடுச்சு" என்றேன். உண்மையும் அதுதான். அவர் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, தானே குழந்தைக்குப் போட்டுவிட்டார். அதன் பிறகு அது தலையைவிட்டு இறங்கவே இல்லை.

அந்தக் குழந்தையும் தேறிப் போனது. போகிற அன்று அந்தக் குல்லாவைத் துவைத்து மடித்து என்னிடம் கொடுத்து, "அடுத்த பிள்ளைக்கு ஆகும்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வார்டில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. வீட்டுக்குப் போகிறவர்களில் விரும்புகிறவர்கள் குல்லாவைத் திருப்பிக் கொடுப்பார்கள், நாங்கள் கொதிநீரில் போட்டு எடுத்து அடுத்த குழந்தைக்கு வைப்போம். புதிதாகப் பின்னி வருகிறவற்றையும் இரண்டு மூன்று முறை அலசி உலர்த்தித்தான் கொடுப்போம். அதனால் நீங்களும் கஞ்சியோ சென்ட்டோ போடாமல், பின்னியதைத் துவைத்துக் கொடுங்கள். பாலித்தீன் பையில் போட்டு, மேலே ரிப்பன் கட்டிக் கொண்டுவரத் தேவையில்லை. பழசு மாதிரி இருந்தால் பாட்டிமார்களுக்கு நிம்மதி.

இன்னொரு பக்கமும் பார்த்திருக்கிறேன். நல்ல மனசோடு ஒரு குழுவினர் பெரிய மூட்டை கொண்டுவந்தார்கள். அத்தனையும் ஆறு மாதக் குழந்தைக்கான அளவு, முரட்டு உல்லன், காது மூடி, நீளக் கயிறு. எத்தனை பேருடைய எத்தனை சாயங்காலம் அதில் இருந்திருக்கும்! ஒன்றைக்கூட எங்களால் போட முடியவில்லை. முன்கூட்டியே ஒரு போன் செய்து கேட்டிருந்தால் போதும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கேளுங்கள், கேட்டுவிட்டுப் பின்னுங்கள். வார்டு பொறுப்பு சிஸ்டரைக் கேட்டால் அளவோடு சொல்லுவார்கள்.

கூட்டாகச் சேர்ந்தால் நம் பெண்களால் என்ன முடியும் என்பதற்குச் சென்னையே சாட்சி. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற குழு, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையைச் சென்னையில் விரித்து கின்னஸ் சாதனை செய்தது. நம் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர். டிசம்பர் வெள்ளம் வடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஊரில், பல இடங்களிலிருந்தும் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பின்னி அனுப்பிய சின்னச் சின்னப் போர்வைகளைச் சேர்த்து விரித்தது அது. பிறகு பிரித்து, போர்வை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். எனக்கு அந்தச் சாதனைச் சான்றிதழைவிட, பிரித்துக் கொடுத்ததுதான் பெரிதாகப் படுகிறது. ஒவ்வொன்றும் ஒரு ஆள் போர்த்திக்கொள்கிற அளவில் முன்பே திட்டமிட்டுப் பின்னப்பட்டதால்தான் அது முடிந்தது.

டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிய, குரோஷாவில் பின்னுகிற ஆக்டோபஸ் பொம்மையைப் பற்றிக் கேட்டு எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. குறைமாதக் குழந்தை அதன் கால்களைத் தொப்புள்கொடி போலப் பிடித்துக்கொள்ளும், தனக்குப் போட்டிருக்கிற மருத்துவ ட்யூபை இழுக்காது என்பது நம்பிக்கை. கால் ஒவ்வொன்றும் இழுத்தாலும் 22 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கிற விதி. ஆனால் தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பொம்மை கூடாது என்கிற மருத்துவர்களும் உண்டு. அதனால் மருத்துவமனை கேட்டால் மட்டும் பின்னுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெண்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்கிற பின்னல் மார்பகத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கிற சிலிக்கான் மார்பகம் விலை அதிகம், கனம், வியர்த்துக் கொட்டும். பருத்தி நூலில் பின்னி, உள்ளே துவைக்கக்கூடிய செயற்கைப் பஞ்சு அடைத்தால் காற்றோட்டமாக இருக்கும், வீட்டிலேயே துவைத்துக்கொள்ளலாம். இதை இலவசமாகவே பின்னிக் கொடுக்கிற பெண்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், இந்தியாவிலும் இருக்கிறார்கள். பின்பக்கத்தைத் திறந்து பஞ்சைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி விடுங்கள், ஏனென்றால் இன்னொரு பக்கத்தின் அளவு அவர்களுக்குத்தான் தெரியும். தழும்பு ஆறி, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் அணிய வேண்டும். தழும்பின் மேல் படுகிற பக்கம் முடிச்சு இருக்கவே கூடாது. இதற்கும் அதே சோதனைதான், திருப்பிக் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். இதைக் கொடுக்கும்போது தனியாகக் கூப்பிட்டு, மூடிய உறையில் வைத்துக் கொடுங்கள், நாலு பேர் முன்னால் வேண்டாம்.

வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.