சென்சாருக்கு எந்த வயர்லெஸ்? முதலில் மீட்டரை மாட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருப்பது மண்ணின் ஈரம் பார்க்கும் சென்சார். நிமிடத்துக்கு ஒரு தடவை விழித்து, நான்கே பைட் அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். முதலில் இதை வைஃபையில்தான் செய்தேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை, பேட்டரி காலி.

மின்னோட்டம் அளக்கும் மீட்டரை மாட்டினேன். திரையில் மலை மாதிரி எழும்பி நிற்கிறது பாருங்கள், அதுதான் வைஃபை. ரவுட்டரைத் தேடி, கடவுச்சொல்லைச் சரிபார்த்து, ஐபி முகவரி வாங்கவே இரண்டு நொடி ஆகிவிடுகிறது. அவ்வளவு நேரமும் சராசரியாக 100 மில்லிஆம்பியர் ஓடுகிறது. நம் நான்கு பைட் கிளம்புவது கடைசிச் சில மில்லிநொடியில். ஒரு நாளைக்கு 1,440 தடவை என்றால் 80 மில்லிஆம்பியர் மணி. 2,000 இருக்கிற பேட்டரி 25 நாளில் தீர்ந்துவிடும். அதே அளவீட்டை புளூடூத் லோ எனர்ஜியில் அனுப்பிப் பார்த்தேன். ஐந்து மில்லிநொடி, 10 மில்லிஆம்பியர், முடிந்தது. கேட்கிற கருவி பக்கத்தில் இருந்தால் இதுவே போதும்.

அதனால் தூரம், வேகம் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை பைட், நாளைக்கு எத்தனை தடவை, அதற்கு ரேடியோ எவ்வளவு நேரம் விழித்திருக்க வேண்டும்.

ஒரே கட்டடத்துக்குள் நிறைய சென்சார் என்றால், கருவிக்குக் கருவி செய்தியைக் கடத்திக்கொண்டு போகும் ஜிக்பீ நல்லது. ஆனால் அடுத்தவர் செய்தியைக் கடத்திவிடும் ரவுட்டர்களுக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். பக்கத்து வைஃபை 1, 6, 11 சேனல்களில் ஓடினால், ஜிக்பீயை 25 அல்லது 26இல் வையுங்கள், மோதல் குறையும். என்பி-ஐஓடி மொபைல் நெட்வொர்க்கில் ஓடுவது, அதற்கு சிம் வேண்டும். வைக்கிற இடத்திலேயே சிக்னல் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சரி, குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் அனுப்பும் லோராவுக்கு வருவோம். கிலோமீட்டர் கணக்கில் போகும், உண்மைதான். அந்தத் தூரத்துக்கு நாம் தருவது நேரம். செய்தியை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்பதைச் சொல்லும் எண்தான் ஸ்ப்ரெடிங் ஃபேக்டர்; எண் கூடினால் தூரமும் கூடும். 7இல் ஒரு சின்னச் செய்தி 50 மில்லிநொடி அளவில் முடியும். ஒவ்வொரு படி ஏறும்போதும் அந்த நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்; 12க்குப் போனால் ஒரு நொடியைத் தாண்டிவிடும். என் சென்சார்களில் ஆகக் கடைசியில் இருந்தது தானாகவே 12க்குப் போய்விட்டிருந்தது. மற்றவை நன்றாக ஓடிக்கொண்டிருக்க, அதன் பேட்டரி மட்டும் சீக்கிரம் இறங்கியது. சென்சாரில் கை வைக்கவே இல்லை. சென்சார்களின் செய்தியை வாங்கும் கேட்வேயின் ஆன்டெனாவை ஜன்னலோரத்திலிருந்து மொட்டைமாடிக்கு ஏற்றினேன். மறுநாள் பார்த்தால் 9க்கு இறங்கியிருந்தது.