பேர் விழுந்த நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கடந்த ஆண்டு ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் டிசம்பர் 31ஆம் திகதி வரை, ஒரே கமராவையும் அதில் பூட்டிய ஒரே வில்லையையும் கொண்டு, நாளொன்றுக்கு ஒரு படம் என்று எடுத்து வந்தேன். அதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். நான் தொழில்முறைப் புகைப்படக் கலைஞன் அல்லன்; இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பிப்பவன். ஆகையால் கலையைப் பற்றிப் பேசுவதைவிட, கணக்கு வைத்த விதத்தைப் பற்றிப் பேசுவதே எனக்குக் கைவரும்.

இதில் என்னை இழுத்துவிட்டவன், கொழும்பில் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன். தன்னுடைய பழைய கமராவை, 50 மில்லிமீற்றர் வில்லையோடு எனக்குக் குறைந்த விலைக்குத் தந்தவனும் அவனே. விதிகள் எளிமையானவை. படம் அன்றைய தினத்திலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். முந்திய நாளின் மிச்சம் செல்லாது. எத்தனை எடுத்தாலும் அன்றிரவே ஒன்றைத் தெரிந்து வைத்துவிட வேண்டும். கமராவையோ வில்லையையோ மாற்றக் கூடாது. கைத்தொலைபேசியில் எடுத்ததைச் சேர்க்கக் கூடாது. முழு வருடம் முடியாதவர்கள் ஒரு மாதத்துக்கு மட்டும் இதைச் செய்வதும் உண்டு. நான் முதலில் ஜனவரி மாதத்துக்கு மட்டும்தான் ஒப்புக்கொண்டேன். பெப்ரவரியிலும் நிறுத்தாமல் போனதற்கு என் அம்மா காரணம்.

தோட்டத்துக்கு வெளியே வாழும் நேயர்களுக்காக இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் 'பேர்' என்றால் ஒருவருடைய பெயர் மட்டுமன்று. ஒரு நாள் வேலைக்குச் செக்றோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், விழும் பதிவுக்கும் பேர் என்றே சொல்வோம். தோட்டம் நிர்ணயித்த கிலோ கொழுந்தை எடுத்தால் முழுப் பேர் விழும். எடுக்காவிட்டால் அரைப் பேர். மாத முடிவில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அரிசியும் கடனும் பிள்ளைகளின் சப்பாத்தும் தீர்மானமாகும். கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து திரும்பி வந்து, அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தபடி, "என்ன தம்பி, இன்னைக்குப் பேரு விழுந்துருச்சா?" என்று அம்மா ஒருநாள் விளையாட்டாகக் கேட்டார். அது நாள்தோறும் கேட்கும் கேள்வியாகிவிட்டது. விழவில்லை என்றால் இருட்டுவதற்குள் எழுந்து வெளியே போவேன். கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கிச் செக்றோலைப் போலவே கோடு போட்டு, திகதி, இடம், படத்தில் இருப்பவர், வெளிச்சம், பேர் என்று ஐந்து நிரல்கள் வைத்தேன்.

ஒரே வில்லை என்பது கேட்பதற்குச் சின்ன நிபந்தனையாகத் தெரியும். எங்கள் லயத்து அறை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் அறை, ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி. என்னுடைய கமராவில் ஒளியைப் பதிவு செய்யும் உணரி சிறியது. அதனால் 50 மில்லிமீற்றர் வில்லை அதில் 75 மில்லிமீற்றர் வில்லையைப் போல ஒடுங்கிய காட்சியையே தரும். கமராவை நிமிர்த்திப் பிடித்தாலும், ஐந்தடி உயரமுள்ள ஒருவரைத் தலை முதல் கால் வரை அடக்க ஏறத்தாழப் பதினோரு அடி தூரம் பின்னால் போக வேண்டும். கட்டிலும் அலுமாரியும் போக மீதியுள்ள இடத்தில் அது நடக்காது. சுவரில் முதுகை ஒட்டி நின்று பார்த்தேன், வாசற்படிக்கு வெளியே இறங்கி நின்று பார்த்தேன். அம்மா முழுதாக அடங்கவே இல்லை. கணித ஆசிரியனுக்கு இது ஒரு விகிதசமக் கணக்கு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கின் விடையாகத்தான் நான் அவருடைய கைகளைப் படம் எடுக்கத் தொடங்கினேன்.

ஆட்காட்டி விரலிலும் பெருவிரலிலும் கொழுந்தின் சாறு ஏறி ஏறி, சோப்புப் போட்டாலும் எலுமிச்சைத் தோலால் தேய்த்தாலும் போகாத ஒரு கறுப்பு அவருக்கு உண்டு. அது நகத்தின் ஓரத்தில் தடித்தும், விரல் நுனியின் வெடிப்புகளில் மெல்லிய கோடுகளாகவும் இருக்கும். ஜனவரி 19ஆம் திகதி இரவு, ஒற்றை மின்குமிழின் வெளிச்சத்தில் அவர் ரொட்டிக்கு மாப் பிசையும்போது அந்தக் கோடுகளுக்குள் வெள்ளை மா ஏறியிருந்தது. வில்லையின் துவாரத்தை 1.8 என்ற அளவுக்கு அகலமாகத் திறந்து, நொடியில் எண்பதில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தேன். ஒன்றரை மீற்றர் தூரத்தில் அந்தத் துவாரத்துக்குக் கூர்மையாக விழும் ஆழம் ஆறேழு சென்ரிமீற்றர்தான். ஆகவே விரல்கள் தெளிவாக இருந்தன, முகம் கரைந்துபோயிற்று. முப்பத்தைந்து வருடங்களாக நான் பார்த்த கைகள்தாம் அவை. அப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

மலைநாட்டில் படம் எடுப்பவருக்கு மூடுபனி வரமா, தொந்தரவா என்று பலரும் கேட்பார்கள். கமராவின் ஒளிமானி, தனக்கு முன்னால் இருப்பது எதுவாயினும் அது நடுத்தரமான சாம்பல் நிறம் என்று நம்பிக்கொண்டே அளக்கும். வெண்பனியைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கிவிடும். படம் நீலம் போடாத பழைய வேட்டியைப் போல மங்கிக் கிடக்கும். அதனால் பனி நிறைந்த காலையில், ஒளிமானி சொல்வதைவிட ஒரு படி, சில வேளை ஒன்றேகால் படி வெளிச்சத்தைக் கூட்டி வைக்க வேண்டும். மழையில் நனைந்த கரும்பாறை சட்டத்தை நிறைத்தால் இதற்கு மாறாகக் குறைக்க வேண்டும். இந்த ஒரு செய்தி விளங்கிய பிறகு என் காலைப் படங்கள் மாறிவிட்டன. இன்னொன்று: குளிரில் நின்றுவிட்டு விறகடுப்பு எரியும் குசினிக்குள் கமராவோடு நுழைந்தால் வில்லையின் மேல் உடனே நீர் படியும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வைத்திருந்தால் போதும்.

அதைச் சொல்கிறேனே தவிர, ஈரத்தின் பாடத்தை நானும் காசு கொடுத்தே படித்தேன். ஜூன் மாதத் தென்மேல் மழையில் கமராவை அலுமாரிக்குள் துணிகளோடு வைத்திருந்ததால், வில்லையின் உட்புறத்தில் சிலந்தி நூலைப் போலப் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. திருத்துபவர் சுத்தம் செய்து தந்தார். ஓரத்தில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சியது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் இன்றும் அது ஒரு மங்கல் வட்டமாகத் தெரியும். வில்லையை மாற்றக் கூடாது என்பது விதியாகையால் தழும்போடேயே எஞ்சிய ஆறு மாதத்தையும் முடித்தேன். இப்போது காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பைகளும் வைத்திருக்கிறேன்.

தினமும் புதிய காட்சி எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். கிடைக்காது. மலைநாட்டின் பெயர்பெற்ற காட்சிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இரண்டு மாதத்துக்குப் போதா. அவையும் நான் ஆசிரியர் வேலைக்குப் போகும் வழியில் இல்லை. மார்ச் மாதத்தில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் நீர் வற்றியபோது, அதனுள் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரிகிறது என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மாசி மாதத்தில் காமன் கூத்தின் கடைசி இரவில் நின்றேன். அவை விழா நாட்கள். மற்ற நாட்களுக்கு வழிகாட்டியது கொழுந்தெடுக்கும் முறைதான். இன்று எடுத்த மலைக்கு ஏழெட்டு நாளில் திரும்பி வருவார்கள். மழை கூடினால் சுற்று குறுகும், வெயில் காய்ந்தால் நீளும். செடி அதேதான், கொழுந்துதான் புதிது. நானும் எனக்கு ஆறேழு இடங்களைப் பிரித்துக்கொண்டு அப்படியே சுற்றி வந்தேன்.

அவற்றுள் ஒன்று எங்கள் லயத்துக்குக் கீழே தண்ணீர் பிடிக்கவும் துவைக்கவும் உள்ள பீலி. அங்கே ஒரு வருடத்தில் 41 படங்கள் விழுந்திருக்கின்றன. முதல் பத்தும் ஒன்றுபோல இருக்கும். அந்த நாட்களில் என் மீதே எனக்குச் சலிப்பு ஏற்பட்டது. ஏப்ரல் முதல் வாரத்தில் தண்ணீர் நூலாக இறங்கியது, குடங்கள் வரிசையாக நின்றன. ஜூனில் அதே குழாய் தூக்கி அடித்தது, குடம் எதுவும் இல்லை, ஏனெனில் மழைத் தண்ணீர் தாழ்வாரத்திலேயே கிடைத்தது. வாய் பிளந்த சிவப்பு வாளி ஒன்றைக் கம்பியால் தைத்து வைத்திருந்ததை அதற்கு முன் ஒரு நாளும் கவனித்ததில்லை. பதினேழாவது முறை போனபோதுதான், துவைக்கும் கல்லில் மூன்று குழிவுகள் இருப்பதைக் கண்டேன். மூன்று வீட்டார் மூன்று பக்கமாகக் குந்தி, தலைமுறையாகத் துவைத்துத் தேய்த்த குழிவுகள். பெரிதாக்கிக் காட்டும் வில்லையோ அகலமாக விரிக்கும் வில்லையோ கையில் இருந்திருந்தால், பதினேழாவது முறை அங்கே போயிருக்க மாட்டேன். எதிர்மலைக்குக் கமராவைத் திருப்பியிருப்பேன்.

ஆட்களைப் படம் எடுப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உல்லாசப் பயணிகள் வாகனத்தை நிறுத்தி, மலையில் நிரை பிடித்து நிற்கும் பெண்களைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கச் சொல்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு அது ஐந்து நிமிடம். கொழுந்தெடுப்பவருக்கு அந்த ஐந்து நிமிடம் எடையில் குறையும். மாலையில் தராசு காட்டும்போது முழுப் பேருக்கும் அரைப் பேருக்கும் இடையிலான வித்தியாசம் சில வேளை அவ்வளவுதான். இதை அம்மா எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பெப்ரவரியிலிருந்து மலையில் வேலை நேரத்தில் எவரையும் நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தேன். மடுவத்தில் நிறுவைக்குக் காத்திருக்கும்போதும், பகல் சாப்பாட்டு நேரத்திலும், கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். வேண்டாம் என்றவர்கள் உண்டு. "எடுத்துட்டு எங்கே சேர் போடுவீங்க?" என்று கேட்டவர்களே அதிகம். புத்தகத்தைத் திறந்து, படத்தில் இருப்பவர் என்ற நிரலைக் காட்டி, அவர்கள் சொல்லும்படியே பெயரை எழுதினேன். இனிஷியலை மறக்காமல் எழுதச் சொன்னவர்கள் பலர்.

பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயம் இருக்கிறது. ஜூலியா மார்கரட் கமரன் என்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞரும் அவருடைய கணவரும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1863இன் இறுதியில், தமது 48ஆவது வயதில், மகள் பரிசாகத் தந்த கமராவோடு தொடங்கியவர் அவர். 1875இல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்தார். கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைப் பூசி, அது ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டிய காலம் அது. இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரிய மனிதர்களின் உருவப்படங்கள் எல்லாம் பெயரோடு நிற்கின்றன. இங்கே அவர் எடுத்தவற்றிலும் மிக அருமையான முகங்கள் உண்டு. ஆனால் அவற்றின் தலைப்புகளில் பெரும்பாலும் ஊரும் தொழிலும் இருக்கின்றனவே தவிர ஆளின் பெயர் இல்லை. ஓகஸ்ட் விடுமுறையில் அந்தக் கல்லறையைப் படம் எடுத்தேன். சுமாரான படம். அன்று புத்தகத்தில் எழுதும்போது, கல்லறைக்கு வழிகாட்டிய சிறுமியின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டதைக் கண்டு, மறுநாள் மீண்டும் போய்க் கேட்டு எழுதினேன்.

எல்லா நாளும் பேர் விழுந்ததா என்றால், இல்லை. மே 22ஆம் திகதி, அதாவது 142ஆவது நாள், காய்ச்சலோடு பாடசாலையிலிருந்து வந்து அப்படியே உறங்கிவிட்டேன். விழித்தபோது மின்சாரம் இல்லை. மணி நள்ளிரவு பன்னிரண்டு பத்து. மெழுகுதிரியைக் கொளுத்தினேன். பிறகு நான் செய்ததைச் சொல்லாமல் விடலாம். ஆனால் வானொலியில் பொய் சொன்னால் எங்கள் தோட்டத்தில் இரவுக்குள் தெரிந்துவிடும். கமராவின் கடிகாரத்தை அரைமணி நேரம் பின்னால் திருப்பி வைத்து, மெழுகுதிரியைப் படம் எடுத்தேன். திகதி மே 22 என்றே பதிவாயிற்று. காலையில் அம்மா வழக்கம்போலக் கேட்டபோது வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "கணக்கப்பிள்ளை இதைப் பண்ணியிருந்தா நாங்க வேலை நிறுத்தம் பண்ணியிருப்போம்" என்றார். பிறகு தேநீரை நீட்டி, "சரி, காய்ச்சல்தானே, அரைப் பேருன்னு போட்டுக்க" என்றார். புத்தகத்தில் அந்த ஒரு வரியில் மட்டும் அரை என்று இருக்கிறது. 364½ என்பதுதான் என் ஆண்டுக் கணக்கு.

டிசம்பர் முடிந்ததும் ஹட்டனில் ஒரு கடையில் அறுபது படங்களை அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் திகதியும் இடமும் எழுதி, உரியவர்களுக்கு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேல் லயத்தில் இருக்கும் ஓர் ஆச்சியின் படம் எனக்கு மிகவும் பிடித்தது. படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு, மழைக்கு ஒதுங்கி, பாறையோரம் சாப்பிடுகிறார், பின்னால் செடிகள் பனிக்குள் மறைகின்றன. அதைக் கையில் வாங்கியவர் தம்முடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பின்னால் இருந்த செடிகளையே நெடுநேரம் பார்த்தார். பிறகு மறுபக்கத்தைத் திருப்பி, எழுதியிருப்பதை வாசித்துக் காட்டச் சொன்னார். ஆறாம் நம்பர் மலை என்று வாசித்தேன்.

"ஆறு இல்லை சேர், ஏழு" என்றார். "ஆறுல போன வருசம் கவ்வாத்து வெட்டுனாங்க. இந்தச் செடியைப் பாருங்க, வெட்டியா இருக்கு?"

அன்றிரவே புத்தகத்தை எடுத்து, இடம் என்ற நிரலில் ஆறை அடித்து ஏழு என்று திருத்தினேன். அதன் பிறகு, மலையில் எடுத்த மற்றப் படங்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆச்சியிடம் போனேன். இதுவரை ஒன்பது திருத்தங்கள் சொல்லியிருக்கிறார். இன்னும் பாதிப் படங்கள் மீதி இருக்கின்றன.

வணக்கம்.