ஜொகூரில் இல்லாத ஜொகூர் பேட்டரி

அவையோருக்கு வணக்கம். ‘ஜொகூர் பேட்டரி’ என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, மின்சாரத்தைப் பற்றிய கூட்டமா என்று ஒரு மாணவர் வாசலில் கேட்டார். பீரங்கிகளை நிறுத்திவைக்கும் அரணுக்கும் பேட்டரி என்றுதான் பெயர், தம்பி. இன்னொரு வேடிக்கை, இந்த ஜொகூர் பேட்டரி மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இல்லை. சிங்கப்பூர்த் தீவின் கிழக்கு மூலையில், சாங்கியில் இருந்தது. 1935இல் பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவுக்கு ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 5 லட்சம் பவுண்டு அன்பளிப்பாகக் கொடுத்தார். அதில் 4 லட்சம் இங்கே பீரங்கிகளாயிற்று. கொடுத்தவர் ஊரின் பெயர் அரணுக்கு வந்துவிட்டது.

மூன்று பீரங்கிகள். வாய் 15 அங்குல விட்டம், குழல் பதினாறரை மீட்டர் நீளம். ஒரு குண்டு ஏறக்குறைய 800 கிலோ. சின்னக் கார் ஒன்றைத் தூக்கிக் கடலில் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் எறிவதாக நினைத்துக்கொள்ளுங்கள். குண்டுகளை நிலத்தடிக் கிடங்கில் வைத்து, இயந்திரத்தால் மேலே ஏற்றினார்கள். தீவின் வடக்கே செம்பவாங்கில் இருந்த ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தை நோக்கி எதிரிக் கப்பல் வந்தால் அடிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

கப்பல் வரவில்லை. 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை மலாயா வழியாகத் தெற்கே நடந்தும் சைக்கிள் மிதித்தும் வந்தது. ‘பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றன, திருப்ப முடியவில்லை, அதனால் ஆங்கிலேயர் தோற்றார்கள்’ என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நானே பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தீவின் மேற்கே புவோனா விஸ்தாவில் இருந்த இரண்டு பெரிய பீரங்கிகளைத் தரைப்பக்கம் திருப்ப முடியவில்லை என்பது உண்மை. சாங்கிப் பீரங்கிகள் திரும்பின. சுடவும் சுட்டன.

கோளாறு குண்டில். அது போர்க்கப்பலின் எஃகுக் கவசத்தைத் துளைப்பதற்கென்று செய்த குண்டு. கனத்த மூக்கு, உள்ளே கொஞ்சம் வெடிமருந்து, துளைத்து உள்ளே போன பிறகே வெடிக்கும் திரி. கப்பலுக்கு அது எமன். ரப்பர்த் தோட்டத்து ஈரமண்ணில் விழுந்தால்? ஆழமாகப் புதைந்து, பூமிக்கடியில் வெடித்துப் பள்ளம் பறிக்கும். சற்றுத் தள்ளிப் படுத்திருக்கும் சிப்பாய் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போகலாம். ஆட்களைச் சிதறடிக்கும் வகைக் குண்டு 15 அங்குலப் பீரங்கிகளுக்கு இருப்பிலேயே இல்லை. தரைவழியாக எதிரி வருவான் என்று கிடங்குக் கணக்கு எழுதியவர் நினைக்கவில்லை. என் பார்வையில், தோல்வியின் ஒரு பகுதி அந்தக் கணக்குப் புத்தகத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான நீரிணையைக் கடந்தார்கள். நான்கே நாளில், எதிரி கைக்குப் போகக்கூடாதென்று ஆங்கிலேயர்களே பீரங்கிகளைத் தகர்த்தார்கள். 15ஆம் தேதி சரணாகதி. போருக்குப் பின் மிச்சமிருந்தது பழைய இரும்பாகப் போனது, சுரங்கங்களை அடைத்தார்கள், மேலே புல் முளைத்தது. 1991இல் அந்த நிலத்தை வைத்திருந்த சிறைத்துறையினர் கண்ணில் சுரங்கம் பட்டபோதுதான் ஊருக்கு ஞாபகம் வந்தது.

2002 முதல் சாங்கியின் காஸ்ஃபர்ட் சாலையில் ஒரு பீரங்கி நிற்கிறது. பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது நகல். அசல் கட்டுமானம் அவர்கள் காலுக்குக் கீழே, மூடியபடி இருக்கிறது.