அம்மா பேசும் பக்கம்

அன்பு நேயர்களே, வணக்கம்.

புத்தகங்களில் தாய்மை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், நாற்பது வருஷமாக வாசிப்பை விடாதவள். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பேசப் போகிறேன்.

2006-இல் எனக்கு மூத்தவன் பிறந்தான். விடியற்காலை நான்கு மணி. தாதி பிள்ளையைத் துடைத்து என் மார்பில் போட்டார். பள்ளியில் மனப்பாடம் செய்த குறள் அப்போது நினைவுக்கு வந்தது. "ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்." சான்றோன் என்று கேட்கும் நாள் அப்புறம் வரட்டும். ஈன்ற பொழுதின் மகிழ்ச்சி என்று ஒன்று இருக்க வேண்டுமே, அது எங்கே என்று தேடினேன். வரவில்லை. தூக்கம்தான் வந்தது. யாராவது பிள்ளையை வாங்கிக்கொண்டால் போதும் என்றிருந்தது. இதை நான் பல வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்திருந்தேன்.

நம் நாட்டில் கருவுற்ற பெண் கையில் முதலில் கிடைக்கும் தாய்மைப் புத்தகம் எது தெரியுமா? அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கிறார்களே, அந்தப் பிங்க் புத்தகம்தான். எடை, ரத்த அழுத்தம், சிறுநீரில் சர்க்கரை, ரத்தத்தில் இரும்புச்சத்து எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. ஆபத்து எவ்வளவு என்று காட்ட வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் வைத்திருப்பார்கள். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய புத்தகம் அது, மதிப்போடுதான் சொல்கிறேன். ஆனால் பிள்ளை பிறந்த மூன்றாம் வாரம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுத அழுகையை எழுத என் புத்தகத்தில் ஒரு கட்டமும் இல்லை. மலாய்க்காரர்கள் அதை மெரோயான் என்பார்கள். எங்கள் வீட்டில் காத்து கருப்பு என்று சொல்லி வேப்பிலை அடித்தார்கள். அடித்தவர்கள் அன்பாகத்தான் அடித்தார்கள். ஆனாலும், உனக்கு என்ன செய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வருஷங்களில்தான் நான் புறநானூற்றை மறுபடி எடுத்தேன். பெருந்தலைச் சாத்தனார் குமணன் என்ற வள்ளலைப் பார்த்துப் பாடிய 164-ஆம் பாட்டு. சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பாலில்லாத, தோலாகச் சுருங்கிய மார்பைப் பிள்ளை சுவைக்கிறது. "இல்லி தூர்ந்த பொல்லா வறுமுலை" என்கிறார். பால் வரும் சிறு துளைகூட அடைந்துபோய்விட்டதாம். சுவைக்கும்போதெல்லாம் பிள்ளை அழுகிறது. புலவரின் மனைவி பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாள், அவள் கண் நிறைகிறது. அவளைப் புலவர் பார்க்கிறார். அந்தத் துயரத்தைச் சுமந்துகொண்டு வள்ளலிடம் வருகிறார்.

இதைவிட உண்மையாகத் தாய்மையின் கஷ்டத்தை எழுதிய வரிகளை நான் படித்ததில்லை. தெய்வம், தியாகம் என்ற பேச்சே இல்லை. அடுப்பு, காளான், பால் வராத மார்பு. அவ்வளவுதான். ஆனாலும் ஒன்று கவனியுங்கள். அவள் பேசவில்லை. கணவன் பார்க்கிறார், கணவன் சொல்கிறார். புத்தகங்களில் வரும் அம்மாக்களில் பெரும்பாலோர் இப்படித்தான், மகனோ கணவனோ பேரனோ பார்த்துச் சொல்லும் அம்மாக்கள்.

அம்மாவே பேசும் பாட்டும் அதே நூலில் இருக்கிறது, 86-ஆம் பாட்டு. பாடியவர் காவற்பெண்டு. ஒருத்தி வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு உன் மகன் எங்கே என்று கேட்கிறாள். எங்கே இருக்கிறானோ அறியேன் என்கிறாள் தாய். "புலிசேர்ந்து போகிய கல்லளை போல ஈன்ற வயிறோ இதுவே." புலி தங்கிவிட்டுப் போன கல்குகை போல அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது, அவன் போர்க்களத்தில்தான் தென்படுவான். வீரத்தாயின் பெருமிதம் என்றுதான் எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். மூத்தவன் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிக்கப் பெட்டியோடு கிளம்பிப் போன அன்று இரவு அந்த வரி வேறு மாதிரி கேட்டது. புலி போய்விட்டது, குகை மட்டும் இருக்கிறது. அந்த வெறுமையைப் பெற்றவள் சொன்னால்தான் அப்படி விழும் என்று நினைக்கிறேன்.

சரி, நம் மண்ணுக்கு வருவோம். கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' 1981-இல் வந்தது. மூன்று ஆண் பிள்ளைகளோடும் கொஞ்சம் மூட்டைமுடிச்சுகளோடும் இந்த நாட்டுக்கு வந்து சேரும் ஒரு பாட்டியோடு அந்த நாவல் தொடங்குகிறது. நிமிர்ந்து நிற்கும் மனுஷி. ஆனால் அவரை நாம் பேரனின் நினைவு வழியாகத்தான் பார்க்கிறோம். ராணி மாணிக்காவின் 'தி ரைஸ் மதர்' 2002-இல் வந்தது, அதுவும் ஆங்கிலம்தான். இலங்கையிலிருந்து பதினான்கு வயதில் கல்யாணமாகி மலாயாவுக்கு வரும் லட்சுமி, பத்தொன்பது வயதுவரை வருஷம் ஒரு பிள்ளை பெறுகிறாள். அவளே பேசுகிறாள், அவள் பிள்ளைகளும் பேசுகிறார்கள். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் அருமை மகளைப் பறிகொடுத்த பிறகு அவளுடைய அன்பு கடுமையாகிவிடுகிறது. அவள் கையால் மற்ற பிள்ளைகள் எவ்வளவு காயப்பட்டார்கள் என்பதையும் அந்த நாவல் மறைக்கவில்லை. அம்மா தன் கோபத்தோடும் தவறுகளோடும் ஒரு முழு மனுஷியாக வருகிறாள். அதனால்தான் அந்தப் புத்தகத்தைத் தோழிகளுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தேன்.

வெளிநாட்டு நூல்களில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். நைஜீரிய எழுத்தாளர் புச்சி எமெச்செட்டா 1979-இல் ஒரு நாவல் எழுதினார். 'தாய்மையின் மகிழ்ச்சிகள்' என்று அதன் தலைப்பைச் சொல்லலாம். நாயகி நூ ஈகோ முதல் குழந்தையைக் கைக்குழந்தையாகவே பறிகொடுத்துவிட்டு, பாலத்திலிருந்து குதிக்க ஓடுகிறாள். அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. பிறகு நிறையப் பிள்ளைகள் பெறுகிறாள், விறகு விற்றுப் படிக்க வைக்கிறாள். மகன்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்க, அவள் சாலையோரத்தில் தனியாகச் செத்துப்போகிறாள். பிள்ளைகள் வந்து ஊரே மெச்ச இறுதிச்சடங்கு செய்து, அவளுக்கு ஒரு கோயிலும் எழுப்புகிறார்கள். குழந்தை வரம் கேட்டு அங்கே வரும் பெண்களுக்கு அவள் வரம் கொடுப்பதே இல்லை. படித்து முடித்ததும் எனக்குச் சுமைதாங்கிக் கல் ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டில் வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்காக வழியோரத்தில் நட்டு வைப்பார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறலாம். தன் சுமையை இறக்காமலே போனவள், கல்லாகி ஊர்ச்சுமையையும் தாங்குகிறாள்.

இப்போது என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டினார். வெட்ட வேண்டிய மர வரிசைதான் நிரை, வேலை நேரத்தில் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் இடம்தான் ஆயாக்கொட்டகை. நான் பிறந்தது 1978-இல். போன வருஷம் ஒரு சாயங்காலம் அந்த 164-ஆம் பாட்டை அவருக்குப் பொருள் சொல்லிப் படித்துக் காட்டினேன். அம்மா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அந்தப் பிள்ளை பிழைச்சுதா?" என்று கேட்டார். இத்தனை வருஷமாகப் படிக்கிறேன், எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவராகச் சொல்ல ஆரம்பித்தார். "உன்னை இருட்டோட ஆயாக்கொட்டகையில விட்டுட்டுப் போயிடுவேன். பத்து மணிக்கு மாரு கட்டிக்கும். நிரையில நிக்கிறேன், ஓடி வர முடியாது. மரத்துப் பாலு ஒரு சொட்டு சிந்தினாலும் கங்காணி திட்டுவான். அதை ரெண்டு வாளியில சிந்தாம தூக்கணும். என் பாலு ரவிக்கையில சிந்திக்கிட்டே இருக்கும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. 60 நாள் பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது, அலுவலகக் கழிவறையில் நின்று பாலைப் பிழிந்து ஊற்றிவிட்டு, நனைந்த சட்டையைக் கோப்பால் மறைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறேன். 2023 ஜனவரி முதல் அந்த விடுப்பு 98 நாள் ஆகியிருக்கிறது. அந்தக் கழிவறைக் கதையை அம்மாவிடம் சொன்னதில்லை. அவரும் தன்னுடையதைச் சொன்னதில்லை. ஒரே வீட்டில் இருந்தோம். நடுவில் ஒரு பழைய பாட்டு வந்து உட்கார வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அம்மா சொல்வதை ஒரு பள்ளி நோட்டில் எழுதி வருகிறேன். அவர் வார்த்தைகளை நான் திருத்துவதில்லை. மாரு என்றால் மாருதான். போன வாரம், எனக்கு முன்னால் பிறந்து நாற்பது நாளில் போய்விட்ட ஒரு அண்ணனைப் பற்றிச் சொன்னார். அப்படி ஒருவன் இருந்தான் என்பதே எனக்குத் தெரியாது. பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார்.

நோட்டில் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். வணக்கம்.